கதை ஊருக்குப் பொது. ஆட்டம் ஆடியவருக்கு உரியது

கூத்தைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவது குறித்துத் தென்னேரி வட்டாரத் தெருக்கூத்துக் கலைஞர்களின் நிலைப்பாடு

திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நாங்கள் ஆடும் பாரதக் கூத்தைக் கைப்பேசியில் எடுத்து, விளம்பரத்தோடு இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஆடிய ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர்கூட அதில் இருப்பதில்லை. கேட்டால், "பாரதம் எல்லாருக்கும் பொதுதானே" என்கிறார்கள். பாரதம் பொதுதான். அந்த இரவில் எங்கள் உடம்பும் தொண்டையும் உழைத்த உழைப்பு பொதுவல்ல.

புதுக் கருவி முன்னே வரும், சட்டம் பின்னே வரும். அச்சு பரவி இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகே, 1710இல், இங்கிலாந்தில் நூலாசிரியருக்கு உரிமை தரும் சட்டம் பிறந்தது. இசைத்தட்டும் பேசும்படமும் வந்ததும் பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை விலைக்குப் போய், படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. அதைப் பொதுவாக்கக் கோரி எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்துக் குரல் கொடுத்தார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. 1955இல் அது மக்களுக்கே பொதுவானது.

ஆடுபவருக்கு நியாயம் இன்னும் தாமதமாகவே வந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைத்தட்டு தயாரித்தவரையும் படம் எடுத்தவரையும் காத்தது. பாடியவரையும் ஆடியவரையும் விட்டுவிட்டது. 1978இல் இந்தி நடிகர் தேவ் ஆனந்த் வழக்கில், நடிப்புக்கு அச்சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம்தான் நிகழ்த்துநர் உரிமையைத் தந்தது. பாம்பாட்டியையும் வித்தைக்காரரையும் பெயர் சொல்லிச் சேர்த்த அந்தச் சட்டத்தில் கூத்துக்காரருக்கும் இடம் உண்டு. இன்று அந்த உரிமை 50 ஆண்டுக்குச் செல்லும். தன் பெயரைக் குறிப்பிடக் கோரவும், ஆட்டத்தைச் சிதைப்பதைத் தடுக்கவும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு:

1. கதை, பழைய கூத்துப் பாட்டு, மெட்டு, அடவு எல்லாம் பொது. வாத்தியார்கள் எங்களுக்குக் கொடுத்ததை நாங்கள் பூட்டிவைக்க மாட்டோம். வேறு ஜமா ஆடுவதைத் தடுக்கவும் மாட்டோம்.

2. சொந்தமாகப் பார்ப்பதற்கும், கற்பிப்பதற்கும், ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வதைச் சட்டமே அனுமதிக்கிறது. நாங்களும் வரவேற்கிறோம்.

3. இணையத்தில் ஏற்றுவதானால் முன்னதாகக் கேட்க வேண்டும். வேடம் கட்டியவர் முதல் முகவீணை, மிருதங்கம் வாசித்தவர் வரை பெயர் போட வேண்டும். வருமானம் வந்தால் ஜமாவுக்குப் பங்கு தர வேண்டும்.

4. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சை வெட்டி ஒட்டிக் கொச்சையாக்குவதையும், எங்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கிப் போலிக்குரல் செய்வதையும் ஏற்கமாட்டோம்.

கலை பண்பாட்டுத் துறையும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும், படிக்காத கலைஞருக்கும் புரியும்படி ஒரு பக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் தர வேண்டுகிறோம். விழாக் குழுவினர் எங்களுக்குத் துணை நிற்க வேண்டும். வெற்றிலை பாக்கு மாற்றித் தேதி குறிக்கும்போதே, படம் எடுப்பது பற்றியும் ஒரு வரி எழுதிக்கொள்வோம். அந்த வரி எழுதாமல் இனி எங்கள் ஜமாக்கள் தேதி கொடுக்கமாட்டா.