கை பட்ட கோலும் கறை பட்ட மனமும்

தோல்வியுற்ற அணியின் இரசிகன் வாயில் முதலில் பிறக்கும் சொல் ‘கள்ள ஆட்டம்’. அதே செயலைத் தன் அணி செய்திருப்பின், அவன் அதற்குச் சூட்டும் பெயர் ‘சாமர்த்தியம்’. செயல் ஒன்று, பெயர் இரண்டு. இந்த இரட்டை நாக்கையே நான் கண்டிக்கிறேன்.

1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், மெக்சிக்கோ நகரின் அஸ்டெக்கா அரங்கில் உலகக் கிண்ணக் காலிறுதி ஆட்டம். அர்ஜெண்டினாவும் இங்கிலாந்தும் மோதின. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களே கழிந்த வேளை. இங்கிலாந்தின் கோல் காவலர் பீட்டர் ஷில்டனோடு உயரத் தாவிய டியேகோ மரடோனா, தலையால் முட்டுவதுபோல் காட்டி, இடக் கையால் பந்தை வலைக்குள் தள்ளினார். துனீசிய நடுவர் அலி பின் நாசர் அதனைக் கோல் என்றே அறிவித்தார். அடுத்த சில நிமிடங்களில் அதே மரடோனா, எதிரணியினர் பலரைத் தனியொருவராய்க் கடந்து சென்று அடித்த இரண்டாவது கோலோ ஈடிணையற்றது. அத்துணை ஆற்றல் படைத்தவருக்குக் கையின் துணை எதற்கு? ஆட்டம் 2-1 என முடிந்தது. முதற் கோலில் கடவுளின் கைக்கும் பங்குண்டு என்றார் மரடோனா.

இங்கிலாந்து இரசிகன் கொதித்தான். அக்கொதிப்பு முறையானதே. நடுவர் காணவில்லை என்பதால் குற்றம் குணமாகிவிடாது. காவலன் உறங்கிய வேளையில் கவர்ந்ததும் களவுப் பொருளே அன்றோ? 1982ஆம் ஆண்டு பாக்லாந்து போரில் அடைந்த தோல்விக்கு இது பழிக்குப் பழி என்று அர்ஜெண்டினர் பலர் மகிழ்ந்தனர். போர்க்களத்துக் கணக்கைப் பந்துத் திடலில் தீர்ப்பது என்ன நீதி?

ஆயினும் இங்கிலாந்து இரசிகனிடமும் கேட்க எனக்கு ஒரு வினா உண்டு. 1966ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில் இதே இரு அணிகளும் காலிறுதியில் மோதியபோது, அர்ஜெண்டினத் தலைவர் ரத்தீன் வெளியேற்றப்பட்டார். அவர் பேசிய மொழி நடுவருக்கு விளங்கவில்லை. அந்த ஆட்டத்தைக் கொள்ளை என்றே அர்ஜெண்டினர் இன்றும் குறிப்பிடுகின்றனர். ஒரு வாரம் கழித்து, மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், ஜெப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அது கோட்டை முழுதாகக் கடந்ததா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் கிண்ணம் இங்கிலாந்துக்கு! அன்று அந்த இரசிகனின் நீதியுணர்ச்சி எங்கே உறங்கிற்று?

‘1966இல் நிகழ்ந்தது நடுவரின் முடிவு, 1986இல் நிகழ்ந்ததோ ஆட்டக்காரரின் வஞ்சனை’ என்பர் சிலர். மெய்தான், இரண்டும் ஒன்றல்ல. என் வழக்கு ஆட்டக்காரரோடு மட்டும் அன்று. ஐயத்துக்குரிய ஆதாயம் தனக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, பிறர்க்குச் செல்லும்போது மட்டும் அறநூல் ஓதுகின்ற இரசிகனோடும்தான்.

2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் காணொளித் துணை நடுவர் முறை புகுந்தது. பந்தில் பட்ட கையைக் கருவி காட்டிக்கொடுக்கலாம். ஒருபக்கம் சாய்ந்த மனத்தை எக்கருவி காட்டும்?

இயலாத அறத்தை நான் போதிக்கவில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில், இத்தாலியின் நேப்பல்ஸ் நகரில் லாசியோ அணிக்காக ஆடிய மிரோஸ்லாவ் குளோசே பந்தை வலைக்குள் புகுத்தினார். நடுவரும் கோல் என்றார். குளோசேயோ தம் கை பட்டதை நடுவரிடம் தாமே ஒப்புக்கொண்டார். கோல் நீக்கப்பட்டது. லாசியோ 0-3 எனத் தோற்றது, அவரோ உயர்ந்தார். அது நிகழ்ந்த அரங்கம் இன்று தாங்கி நிற்பது மரடோனாவின் பெயரை! காலத்தின் நகைப்பு இதுவன்றோ?

நடுவில் நிற்பவர் என்பதால் அவர் நடுவர். அந்நிலை சீழ்க்கை ஊதுபவருக்கு மட்டுமே உரியதன்று. நடுவு நிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது மன்றத்தில் அமர்ந்தோருக்காக மட்டுமா? ஆசிரியப் பெருமக்களே, நம் பள்ளித் திடலில் மாணவன் ஒருவன் ‘எதிரணி ஏமாற்றிவிட்டது’ என்று கலங்கி வந்தால், அவன் கண்ணீரைத் துடையுங்கள், அவனுக்காக வாதாடுங்கள். பின்னர் ஒன்று கேளுங்கள்: “உன் அணி இதைச் செய்திருந்தால் நீ அழுதிருப்பாயா?”

அவ்வினாவுக்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூடியவன் எழுப்பும் கூக்குரலே நீதியின் குரல். மற்றவை யாவும் தோல்வியின் புலம்பலே.