காயமுற்ற தேவதையும் ஒற்றை விடையும்

ஓர் ஓவியத்தின் முன் நின்றதும் 'இது எதைக் குறிக்கிறது?' என்று வினவுவது நம் இயல்பாகிவிட்டது. சிறகு என்றால் விடுதலை, வெண்ணிற ஆடை என்றால் தூய்மை, கட்டப்பட்ட கண் என்றால் அறியாமை என நிகண்டு போல் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். இலக்கியம் பயிற்றும் நமக்கு இந்நோய் சற்று மிகுதி.

பின்லாந்து ஓவியர் ஹியூகோ சிம்பெர்க் 1903-இல் தீட்டிய 'காயமுற்ற தேவதை' இப்பழக்கத்திற்கு இடங்கொடாத ஓவியம். சிறுவர் இருவர் தேவதையொருத்தியை மரத்தூளியில் வைத்துச் சுமந்து செல்கின்றனர். அவள் கண்களைச் சுற்றித் துணிக்கட்டு, சிறகில் குருதிக்கறை, கையில் சில வெண்மலர்கள். முன்னே செல்பவன் நேராக நோக்கி நடக்கிறான். பின்னே வருபவனோ முகம் இறுகி நம்மையே பார்க்கிறான்.

கடும் நோயிலிருந்து மீண்டு வந்த காலத்தில் சிம்பெர்க் இதனை நிறைவு செய்தார். எனவே இது அவர்தம் நோயின் குறியீடு என்பர் சிலர். முதன்முதலில் காட்சிக்கு வைத்தபோது தலைப்புக்குரிய இடத்தில் அவர் வெறுங்கோடு ஒன்றையே இட்டார் என்பதும், பொருள் காணும் பொறுப்பைப் பார்வையாளரிடமே விட்டார் என்பதும் இங்கே எண்ணத்தக்கன.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இதன் படியைக் காட்டினோம். மாணவர் ஒருவர் எழுந்து, "எங்கள் ஊரில் சாலை கிடையாது ஐயா. பாட்டியை இப்படித்தான் கட்டிலோடு தூக்கிப் போனோம்" என்றார். நாமோ, "அதுவன்று, இது ஓவியரின் நோயைக் குறிப்பது" என்று திருத்தி அமர்த்தினோம். அவர் அதன்பின் அவ்வாண்டு முழுவதும் வாய் திறக்கவில்லை.

பின்னர் ஒருநாள் படித்தறிந்தோம்: ஓவியத்தில் காணும் அப்பாதை ஹெல்சின்கி நகரத்துப் பூங்கா ஒன்றில் உள்ள உண்மையான பாதையாம். பார்வையற்ற சிறுமியர் பள்ளியும் உடல் ஊனமுற்றோர் இல்லமும் அந்நாளில் அப்பக்கம் இருந்தனவாம். அச்சிறுவர் வானுலகிற்குச் செல்லவில்லை. காயமுற்ற ஒருத்தியைக் கவனிப்பார் இருக்கும் இடத்திற்கே கொண்டு செல்கின்றனர். அம்மாணவர் கண்டதும் அதுவேயன்றோ!

எல்லாப் பொருளும் பொருந்தும் என்பது நம் வாதமன்று. துணிக்கட்டு, குருதி, தூளி, அப்பார்வை ஆகிய இவற்றுக்குப் புறம்பான விளக்கம் நில்லாது. ஆனால் ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் கொண்டு ஓவியத்தைப் பூட்டிவிடுதல் தகாது. உள்ளுறையும் இறைச்சியும் கற்பிக்கும் நாம், சொல்லாமல் விட்டதன் ஆற்றலை அறியாதவர் அல்லர்; தேர்வுத்தாளின் பொருட்டு அதனை மறந்தோம்.

2006-இல் அட்டெனியம் அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் பின்லாந்து மக்கள் இதனையே தம் நாட்டு ஓவியமாகத் தேர்ந்தனர். அவர்கள் அனைவரும் ஒரே பொருளைக் கண்டிருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை. இப்போது வகுப்பில் இப்படத்தைக் காட்டும்போது, மாணவர் அனைவரும் பேசி முடிக்கும் வரை ஓவியரின் நோயைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.