பழைய கல்யாணப் பத்திரிகையில் தீபாவளி டேக்!

தீபாவளி காலையில் பட்சணப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். எதிர் வீட்டுக்கு எது, சம்பந்தி வீட்டுக்கு எது, நெய்யில் செய்தது எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும். கடையில் வாங்கிய இனிப்பு என்றால் பெட்டியிலேயே எல்லாம் அச்சிட்டிருக்கும். வீட்டுப் பலகாரத்துக்கு ஒரு சின்ன கிஃப்ட் டேக் கட்டிவிட்டால் குழப்பமே இல்லை. அலமாரியில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளே இதற்குப் போதும். மஞ்சள் தடவிய பத்திரிகையைக் குப்பையில் போட மனம் வராதவர்களுக்கு இது நல்ல வழி.

தேவையானவை:
பழைய பத்திரிகைகள், கத்தரிக்கோல், ஸ்கேல், பேப்பர் பஞ்ச், வெள்ளைத்தாள், பசை, பருத்தி நூல்.

செய்முறை:

* சாமி படம் உள்ள பகுதியை முதலில் தனியாக வெட்டி எடுத்து வைக்கவும். பெயர், முகவரி, போன் நம்பர் உள்ள பகுதியை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடவும்.

* மீதியை 5 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டவும். 15 செ.மீ.க்கு 20 செ.மீ. உள்ள ஒரு பக்கத்தில் 6 டேக் கிடைக்கும். ஓரத்துத் தங்க நிற வேலைப்பாடு டேக்கின் அடியில் வருமாறு வெட்டினால் அழகாக இருக்கும்.

* மேல் மூலைகள் இரண்டையும் சரிவாக நறுக்கவும். துளை வரும் இடத்தில் சின்ன வட்டத் தாள் ஒட்டி, அதன் பிறகு பஞ்ச் செய்தால் நூல் இழுத்துக் கிழியாது.

* 25 செ.மீ. நூலை இரண்டாக மடித்து, மடிப்பைத் துளையில் நுழைக்கவும். அந்த வளையத்துக்குள் இரு நுனிகளையும் விட்டு இழுத்தால் முடிச்சு இறுகிவிடும்.

* வழவழப்பான பக்கத்தில் பேனா மை ஒட்டாது, கலையும். எழுதும் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொள்வதே நல்லது.

என்ன எழுதலாம்?

பெறுபவர் பெயர், பலகாரத்தின் பெயர், செய்த தேதி மூன்றும் அவசியம். பால் இனிப்பு சீக்கிரம் கெட்டுவிடும், முறுக்கு தாங்கும் என்பதால் தேதி இருந்தால் எதை முதலில் சாப்பிடுவது என்று அவர்களுக்கே தெரியும்.

அதைவிட முக்கியம், சேர்த்த பொருள்கள். முந்திரி, நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே மூச்சுத் திணறல் வரை போகலாம். அரைத்துச் சேர்த்த முந்திரி கண்ணுக்கும் தெரியாது. எனவே பருப்பு வகைகளைக் கட்டாயம் குறிப்பிடவும்.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை போட்ட இனிப்புக்கு ‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுத வேண்டாம். இவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். ‘கருப்பட்டி சேர்த்தது’ என்றே எழுதினால், சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் ஏமாற மாட்டார்கள்.

கவனிக்க:
டேக்கைப் பெட்டிக்கு வெளியே மட்டும் கட்டவும். ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். கழன்றால் லட்டுக்குள் விழும். ஜிகினாத் தூள் உதிரும் அட்டையையும் தவிர்க்கவும்.

கடைசி வாரத்தில் அடுப்படி வேலையே சரியாக இருக்கும். அதனால் இரண்டு வாரம் முன்பே டேக்குகளைச் செய்து வைத்துவிடலாம். வெட்டுவது பெரியவர்கள், நூல் கோப்பது பிள்ளைகள், பெயர் எழுதுவது தாத்தா, பாட்டி என்று பிரித்துக்கொண்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 50 டேக் தயார். மிஞ்சினால் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் பொங்கல் சீருக்கும் உதவும்!