தன்னை உரைக்கும் தமிழ்

ஆள் பாதி, ஆடை பாதி என்பர். வேலை தேடும் இளைஞருக்கோ ஆளும் ஆடையும் அலுவலக வாயிலை அடையுமுன்னரே ஒரு தாள் அங்குச் சென்று சேர்ந்துவிடுகிறது. தன்விவரக் குறிப்பு எனப்படும் அத்தாள் அவருக்காகப் பேசுகிறது. அது என்ன பேசுகிறது என்பதை அவரே அறியாதிருப்பதுதான் வேதனை!

சென்னையின் மேற்குப் புறநகர் உழைப்பால் பெயர்பெற்றது. 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தளித்தது. 1960-களில் அங்குத் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அந்நாளில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருந்தோர் பலர். இன்றோ அதே தொழிற்பேட்டையில் பட்டறைகளோடு கணினி நிறுவனங்களும் இயங்குகின்றன. வாயில்கள் பெருகியுள்ளன; ஆயினும் ஒவ்வொரு வாயிலிலும் "நீர் யார்?" என்னும் வினா காத்து நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் தம் குறிப்பை என்னிடம் காட்டினார். நகலகத்தில் கிடைத்த மாதிரியில் பெயரையும் முகவரியையும் மட்டுமே மாற்றியிருந்தார். 'தலைமைப் பண்பு மிக்கவர். பொழுதுபோக்கு, நூல் வாசித்தல்' என்றிருந்தது. அண்மையில் வாசித்த நூல் யாது என வினவினேன், தலைகுனிந்தார். மாலை வேளைகளில் என்ன செய்கிறீர் என்றேன். பூவிருந்தவல்லியில் தம் மாமாவின் மளிகைக் கடையில் மூன்றாண்டுகளாகக் கொள்முதல் கணக்கு எழுதுவதாகவும், நிலுவை வசூலிப்பதாகவும் கூறினார். "அதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "அது கடை வேலைதானே, ஐயா!" என்றார்.

இல்லாததை எழுதினார், இருந்ததை மறைத்தார். அந்த வெட்கத்தை அவருக்குக் கற்பித்தவர் யார்? நாமே அல்லவா! மூன்றாண்டுகள் பிறர் எழுதியவற்றின் நயத்தை விளக்கக் கற்பித்த நாங்கள், தன்னைப் பற்றி உண்மையாகப் பத்து வரிகள் எழுத ஒரு வகுப்பேனும் ஒதுக்கவில்லை.

நபி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம் குலப்பெருமையைக் கூறவில்லை. சிறையில் பட்ட துன்பத்தையும் முன்வைக்கவில்லை. காக்கும் திறனும் அறிவும் தமக்குண்டு என்பதையே கூறினார்கள் எனத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் உரைக்கிறது. தன் திறனை உள்ளவாறு சொல்வது தற்பெருமையாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வள்ளுவரும் ஆளைத் தேர்வோர்க்குத் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரங்களை வைத்தார். அவைமுன் நிற்போர்க்கு அவையறிதல், அவையஞ்சாமை என்பவற்றை வைத்தார்.

ஆகவே, மாணவமணிகளே! முதலில் உங்கள் குறிப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள். பின்னர் ஆங்கிலத்தில் அமையுங்கள். புரியாத சொல் ஒன்றும் அதில் இருத்தலாகாது. இரண்டு பக்கங்களுக்கு மிகவேண்டா. ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு சான்று காட்டுங்கள். 'பொறுப்புள்ளவன்' என்பதைவிட, 'மூன்றாண்டுகள் கடைக் கணக்கு எழுதினேன்' என்பதே வலிமையுடையது. விளம்பரத்தில் கேட்கப்பட்ட திறன்களை முன்னே வையுங்கள். நிறுவனத்தின் தொழிலை அறிந்து செல்லுங்கள். தொழிற்பேட்டையின் தெருக்களில் வழி தவறுவது எளிது. முதல்நாளே இடத்தைப் பார்த்து வருவது நன்று. தெரியாத வினாவுக்குத் 'தெரியாது. கற்றுக்கொள்வேன்' என்று கூறுவது இழுக்கன்று. பொய்யாகப் புனைந்த விடையோ அடுத்த வினாவிலேயே வெளிப்பட்டுவிடும்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் இளைஞரைக் கடிதத்தோடு அனுப்பிவிடாதீர்கள். தொழிலகம் நடத்துவோரும், பணியில் இருந்து ஓய்வுபெற்றோரும் மாதம் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, எதிரே அமர்ந்து வினாக்கள் தொடுத்தால் போதும். கடிதம் ஒருவருக்கு ஒரு கதவைத் திறக்கலாம். பயிற்சியோ பலருக்குப் பல கதவுகளைத் திறக்கும்.

அம்மாணவர் தம் குறிப்பைத் திருத்தி எழுதிச் சென்றார். நேர்காணலில் பெரும்பாலும் கடைக் கணக்கைப் பற்றியே கேட்டார்களாம். "நடுங்காமல் பேசினேன், ஐயா! எல்லாம் நான் செய்தவைதானே!" என்றார். வேலை கிடைத்த செய்தியினும் அச்சொல்லே என் நெஞ்சில் நிலைத்தது. நம் துறையில் பயிலும் ஒவ்வொருவரும் அச்சொல்லைக் கூறும் நாள் வரவேண்டும். வல்ல இறைவன் துணை நிற்பானாக!