பாறையின் கீழே பொன் இருக்கிறதா?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் சரி, படுவான்கரையிலாயினும் சரி, ஒரு சிற்றூருக்குள் நடந்து பாருங்கள். பாதி எழும்பிப் பூச்சுக் காணாமல் நிற்கும் கல்வீடு ஒன்றைக் காட்டி, “இது யாருடையது?” என்று கேளுங்கள். “தாய் வெளிநாட்டில் இருக்கிறாள், மகளுக்குக் கட்டுகிறாள்” என்று மறுமொழி வரும். பெண்ணுக்கு வீடு கொடுத்து மணஞ்செய்து வைப்பது, தாய்வழிக் குடிமுறை ஊன்றிய இம்மண்ணின் தொன்றுதொட்ட வழக்கம். மகளுக்கு ஒரு வீடு கட்டுவதற்காகத் தாய் தன் வீட்டை விட்டு வெளியேறுவது இக்காலத்தின் வழக்கம்.

இரண்டாண்டோ நான்காண்டோ கழிந்து அவள் திரும்பி வருகிறாள். பெட்டி திறக்கப்படுகிறது. துணிமணியும் பால்மாவும் வாசனைச் சவர்க்காரமும் வெளிவருகின்றன. வாய் மாத்திரம் திறப்பதில்லை. பட்ட பாட்டைச் சொன்னால் ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடுமோ என்ற வேதனை. இரண்டுக்கும் நடுவில் அவள் மௌனத்தைத் தேர்ந்துகொள்கிறாள். அந்த மௌனத்தை நிரப்ப ஏஜென்சிக்காரரின் வாய் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண் கடவுச்சீட்டு எடுக்கிறாள்.

இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆபிரிக்காவைச் சேர்ந்த பெண்கள் சிலர் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவல்களைப் பற்றிச் சிறிது கூறினால், அந்தத் தொடர்பு தானே விளங்கும்.

முதலில் மொரிசியசுத் தீவைப் பார்ப்போம். 1834ஆம் ஆண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, கரும்புத் தோட்டங்களுக்காக ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தமிழரும் அவர்களுட் பலர். அக்கூலிகளின் வழியில் வந்த நத்தாஷா அப்பனா என்ற பெண் எழுத்தாளர், 2003இல் தம் முதல் நாவலை வெளியிட்டார். 1892ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து கப்பலேறியோரின் கதை அது. அத்தீவிலே பாறையைப் புரட்டினால் அடியிற் பொன் கிடக்கும் என்ற கதை அவர்களுடைய காதில் ஓதப்படுகிறது. ‘பொற்றூள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் ஊர் அங்கே உண்மையாகவே உண்டு. ஊரின் பெயரிற் பொன் இருந்தது. கூலிகளுக்குக் கிடைத்ததோ கரும்பும் கசையடியும். அன்று அவர்களை ஏற்றிவிட்ட ஆள்காட்டிக்கும், இன்று எமது படலையைத் தட்டும் உபமுகவருக்கும் உடையைத் தவிர வேறுபாடு என்ன?

மற்றவர் செனகல் நாட்டின் பத்தூ தியோம். சலூம் ஆற்று முகத்துவாரத்திலே, கண்டற்காடுகளுக்கு நடுவில் உள்ள நியோதியோர் என்னும் மீனவத் தீவில் 1968இற் பிறந்தவர். பாட்டியின் கையில் வளர்ந்தவர். 1994இல் பிரான்சுக்குச் சென்று, வீடுகளிற் பணிப்பெண்ணாக உழைத்துக்கொண்டே பல்கலைக்கழகத்திற் படித்தவர். ‘அத்திலாந்திக்கின் வயிறு’ என்ற பொருளுடைய அவருடைய நாவலும் 2003இலேயே வெளிவந்தது. அதில் வரும் தீவிலே இளைஞர்கள் தொலைக்காட்சியிற் காற்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் பிரான்சைச் சுவர்க்கமென நம்புகிறார்கள். பாரிசில் அல்லற்பட்டுத் திரும்பிய ஒருவர், அங்கே தாம் அரசனைப் போல் வாழ்ந்ததாக அந்த இளைஞரிடம் அளந்து விடுகிறார். பிரான்சில் வாழும் சாலி என்ற பெண்ணோ, தன் தம்பியிடம் தொலைபேசியில் உண்மையைச் சொல்கிறாள். தம்பி நம்பவில்லை. தான் பெற்ற இன்பத்தைப் பிறர் பெறுவதைப் பொறுக்காதவள் என்றே அவளை நினைக்கிறான். காற்பந்து வீரனாகலாம் என்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டு, வெறுங்கையுடன் திருப்பி அனுப்பப்பட்ட வேறோர் இளைஞன், ஊராரின் ஏளனத்தைத் தாங்காமற் கடலில் முடிகிறான்.

வாசகர்களே, இது செனகலின் கதையா? நியோதியோர் என்ற பெயரை எடுத்துவிட்டு, எமது வாவிக்கரை ஊர் எதனுடைய பெயரையும் அங்கே வைத்துப் பாருங்கள். ஒரு சொல் மாற்ற வேண்டியிராது. போனவர் பொய் சொன்னால் நம்புகிறோம். போனவள் மெய் சொன்னால் பொறாமை என்கிறோம்.

மெய் சொல்லும் பெண்ணுக்கு விலையும் உண்டு. செனகலிலிருந்து பெல்சியத்துக்குப் படிக்கச் சென்று, அங்கே தன்னையே இழந்து திரும்பிய ஒரு பெண், 1982இல் தன் கதையை நாவலாக எழுதினார். ‘பித்தேறிய பெருக்கமரம்’ என்று அதன் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். எமது மன்னாரிலும் நிற்கும் அதே மரந்தான். சொந்தப் பெயருடன் அதை வெளியிடப் பதிப்பகம் துணியவில்லை. ஆகவே அவர் ‘கென் புகுல்’ என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். வொலோப் மொழியில் அதற்கு ‘எவருக்கும் வேண்டாதவள்’ என்று பொருள்.

இப்பெண்கள் தம் தாய்மொழியில் எழுதாமல் அந்நிய மொழியில் ஏன் எழுதினார்கள் என்று மொழிப்பற்று மிக்க எமது வாசகர் கேட்பது இயல்பே. குற்றம் அவர்களுடையதன்று. ஆண்டவரின் மொழியிலேதான் பள்ளிக்கூடம் இருந்தது. 1960இல் செனகல் சுதந்திரம் பெற்ற பின்னரும் அரச கரும மொழியாகப் பிரெஞ்சே நிலைத்தது. அதன் பயன் என்ன? தியோமின் நூலைப் பாரிசு முதலில் வாசித்தது. எவருக்காக அவ்வுண்மை எழுதப்பட்டதோ, அந்தத் தீவின் எழுத்தறியாத தாய்மாருக்கு அது எட்டுவது அரிது.

எமது நிலை அவ்வாறானதன்று. தாய்மொழியிற் படிக்கும் உரிமையை எமக்கு முன்னோர் காத்துத் தந்தனர். எமது பெண் எழுதினால் அவளுடைய தாயும் தங்கையும் அன்றே வாசிக்கலாம். ஆபிரிக்கச் சகோதரிகளுக்கு வாய்க்காத இப்பெருஞ் செல்வத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்திருக்கிறோம்?

வழிகாட்டியோர் எம்மிடையே இல்லாமலில்லை. அக்கரைப்பற்றை அடுத்த கோளாவிலிற் பிறந்து, 1970இல் இலண்டன் சென்ற இராஜேஸ்வரி பாலசுப்ரமணியம், அங்கிருந்தே தமிழில் நாவல் பல எழுதினார். ‘தில்லையாற்றங்கரை’ என்று ஒன்று. ‘தேம்ஸ் நதிக்கரையில்’ என்று மற்றொன்று. பிறந்த ஊரின் ஆறும் புகுந்த நாட்டின் ஆறும் ஒருவர் எழுத்திலே சேர்ந்து ஓடுகின்றன. புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்களின் கவிதைகள் ‘மறையாத மறுபாதி’ என்ற பெயரில் 1992இற் பிரான்சிலிருந்து தொகுப்பாக வந்தன. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித், போருக்குப் பிந்திய கிழக்கின் பெண்களைப் பற்றி ‘உம்மத்’ என்ற நாவலை 2014இற் தந்தார். தம் கருத்துக்களுக்காக அச்சுறுத்தப்பட்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர் அவர். கென் புகுலுக்குப் புனைபெயர் தேவைப்பட்டது ஏன் என்பதை நாம் ஆபிரிக்காவுக்குப் போய் அறிய வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வளைகுடா நாடுகளின் சமையலறைகளில் ஆண்டுக்கணக்காக உழைத்த எமது பெண்கள் தாமே எழுதிய நாவல்கள் எங்கே? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி நான்கு பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு உண்டு. அவர்கள் அறிந்து வந்ததற்குக் கணக்கு இல்லை. 2013இல் அரசாங்கம், வெளிநாடு செல்லும் பெண்ணிடம் மட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது, ஆணிடம் கேட்கவில்லை. 2022இல் அவ்விதி தளர்ந்தது. அவள் எத்தனை பிள்ளை பெற்றவள் என்று விசாரித்த அதிகாரிகள் உண்டு. அங்கே உனக்கு என்ன நேர்ந்தது என்று அமர்ந்து கேட்டவர் எத்தனை பேர்?

சொல் கேட்கப்படாமற் போனால் என்ன நிகழும் என்பதற்கு மூதூரின் றிசானா நபீக் சாட்சி. வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இற் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்ட சிறுமி அவர். தம் பொறுப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 சனவரி 9ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய வாக்குமூலத்தைத் தமிழுக்கும் அரபுக்கும் இடையில் மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுந்தவரா என்று சர்வதேச மன்னிப்புச் சபை ஐயம் எழுப்பியது. தமிழ் பேசும் பெண்ணொருத்தியின் வாய்ச்சொல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்ற ஐயத்தின் மேல் ஓர் உயிர் தொங்கியது.

“நாவல் வயிற்றை நிரப்புமா? வெளிநாட்டுப் பணம் வராவிட்டால் அடுப்பு எரியுமா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. வறுமையை நாம் மறக்கவில்லை. போகாதே என்று எவரையும் தடுக்கவும் வரவில்லை. வயற்காரரிடம் ஒன்று கேட்கிறோம். பெரும்போகத்துக்கு விதைக்குமுன் குளத்தில் நீர் எவ்வளவு, விதை எத்தகையது, சென்ற போகத்தில் அந்த வட்டை எப்படி விளைந்தது என்று கேட்டறியாமல் வரம்பில் கால் வைப்பீர்களா? ஒரு மூடை நெல்லுக்கு இத்தனை விசாரணை என்றால், பெற்ற மகளை அனுப்புவதற்குமுன் போய் வந்தவளின் உண்மைச் சொல்லை அறிய வேண்டாமா? அச்சொல் ஊரிலேயே இருக்கிறது. கேட்பாரின்றிக் கிடக்கிறது.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் எழுதவல்ல பிறரும், திரும்பி வந்த பெண்களின் வரலாற்றை அவர்கள் விரும்பும் பெயரில், அவர்கள் வாய்மொழியிலேயே பதிந்து தர வேண்டும். எழுதக்கூடியவளுக்குக் கொப்பியும் பேனாவும் ஓய்ந்த ஒரு மணி நேரமும் கிடைக்கச் செய்ய வேண்டும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஊர் நூலகங்களுக்கும் இது தகுந்த தொண்டு. இரண்டாவது, பாரிசில் வளர்ந்து தமிழும் பிரெஞ்சும் ஒருங்கே அறிந்த எமது பிள்ளைகள், தியோமையும் அப்பனாவையும் இடையில் ஆங்கிலத்தைக் கொண்டுவராமல் நேரே தமிழாக்க வேண்டும். மூன்றாவது எல்லாவற்றிலும் எளியது. எல்லாவற்றிலும் கடினமானதும் அதுவே. உண்மை சொல்லும் பெண்ணின் ஒழுக்கத்தை விசாரிப்பதை ஊர் நிறுத்த வேண்டும்.

வாவியிலே மீன் பாடுகிறது என்று ஊர் உலகெல்லாம் பெருமை பேசுகிறோம். நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தருகே, துடுப்பை நீரிலிட்டு, அதன் மறுமுனையிற் காதை வைத்து அப்பாட்டைக் கேட்கிறோம். மீனின் குரலுக்குச் செவி சாய்க்கும் நாடு, வீடு திரும்பிய தன் மகளின் குரலுக்கும் செவி சாய்க்கட்டும். பாறையின் கீழே பொன் இருக்கிறதா இல்லையா என்பதைப் புரட்டிப் பார்த்த கைகளே சொல்லட்டும்.