மிதிவண்டி ஏறினாலும் நாம் நடப்பவர்களே!



கடந்த வாரம் பள்ளி வாயிலில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். "ஐயா, ஞாயிறுதோறும் மகனும் அவன் அப்பாவும் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் சப்பாத்து இரண்டு பேருக்கும் வேண்டுமாம். ரேஸ் சப்பாத்துதான் நல்லது என்று உடன் வருகிறவர்கள் சொல்கிறார்களாம். வாங்கலாமா?"

வேண்டாம் என்றேன். பந்தயச் சப்பாத்து அப்பாவுக்கு வேண்டாம். மகனுக்கோ எந்தப் பூட்டுச் சப்பாத்தும் இப்போதைக்கு வேண்டாம். வாயிலில் நின்று முழுமையாக விளக்க இயலவில்லை. இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் பந்தயச் சப்பாத்தைத்தான் வாங்கினேன். "சாலை வண்டிக்குச் சாலைச் சப்பாத்துதான் பொருத்தம், மலைவண்டிச் சப்பாத்துப் போட்டால் சிரிப்பார்கள்" என்றனர் நண்பர்கள். நானும் தலையாட்டினேன். ஒரு ஞாயிறு காலை பாலிக் பூலாவ் சென்று, பசியாறுவதற்காக ஒரு கோப்பிக்கடை முன் இறங்கினோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரமான வழவழப்புத் தரையில் இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடியில் தரையில் கிடந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு! இடக்கையால் வெண்பலகையில் நான் எழுதிய எழுத்துகளைப் படிக்க இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. வண்டி ஓட்டும்போதா விழுந்தேன்? இல்லை, நடக்கும்போது விழுந்தேன்.

குற்றம் தரையினுடையது அன்று, என் தேர்வினுடையது. எப்படி என்று பாருங்கள்.

சாலைச் சப்பாத்தின் அடியில் மூன்று திருகாணிகளால் ஒரு பெரிய நெகிழித் தகடு பொருத்தப்படுகிறது. கடைக்காரர் இதனைக் 'கிளீட்' என்பார். முன்பாதத்தின் கீழ் அது துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே நடக்கும்போது விரல்பகுதி மேலும் குதிகால் கீழுமாக உடல் பின்னோக்கிச் சாயும். கடினமான நெகிழி ஈரத்தரையைப் பற்றாது. மலைவண்டிச் சப்பாத்தில் இரண்டே திருகாணிகள். சிறிய இரும்புத் தகடு. அது ரப்பர் அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் பதிந்திருக்கும். தரையைத் தொடுவது பெரும்பாலும் ரப்பர்தான்.

இவ்வேறுபாடு தற்செயலானது அன்று. 1984ஆம் ஆண்டில், பனிச்சறுக்குக் காலணிகளைப் பூட்டும் பொறிகளைச் செய்துவந்த 'லுக்' என்னும் பிரெஞ்சு நிறுவனம், அதே கருத்தை மிதிவண்டிப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அதனைக் கொண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். பந்தய வீரருக்குக் காலைத் தரையில் வைக்கும் வேலை மிகக் குறைவு. மலைவண்டிக்காரர் நிலை வேறு. சேற்றிலும் கல்லிலும் இறங்கி வண்டியைத் தள்ளியாக வேண்டும். அவருக்காகவே 1990இல் சிமானோ நிறுவனம் 'எஸ்.பி.டி.' என்னும் சிறிய பூட்டைக் கொண்டுவந்தது.

இனி நம் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் புறப்படுகிறோம். சாலை விளக்குகளில் நிற்கிறோம். பட்டர்வொர்த் போக விரும்பினால் வண்டியை உருட்டிக்கொண்டு பெரியில் ஏறுகிறோம். (2021 தொடக்கத்திலிருந்து பெரி கார்களை ஏற்றுவதில்லை, மிதிவண்டிக்கு இடமுண்டு.) தெலுக் பாகாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுகிறோம். திரும்பும் வழியில் ஜார்ஜ்டவுன் ஐந்தடி நடைபாதையில் நடந்து பசியாறுகிறோம். அதன் தரை ஓடுகள் மழைநாளில் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள், நாம் இனோவின் இனமா, இறங்கித் தள்ளுவோரின் இனமா?

மறுப்புரைகள் வரும் என்பதை அறிவேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "சாலை வண்டியில் மலைவண்டிப் பெடல் பொருந்தாது." தவறு. பெரியவர்களுக்கான இருவகை வண்டிகளிலும் பெடல் மரையின் அளவு பெரும்பாலும் ஒன்றே, அங்குலத்தில் 9/16. தாராளமாக மாற்றலாம். மாறாக, சப்பாத்தும் பெடலும் ஒரே முறையைச் சேர்ந்தவையா என்பதையே பார்த்து வாங்க வேண்டும்.

2. "சாலைச் சப்பாத்தில் வேகம் கூடும்." 2016இல் ஸ்ட்ரா, கிராம் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மிதமான வேகத்தில் ஓட்டுவோர் செலவழிக்கும் ஆற்றலை அளந்தனர். சாதாரண ஓட்டச் சப்பாத்துடன் தட்டைப் பெடலை மிதித்தபோதும், பூட்டுச் சப்பாத்தால் மிதித்தபோதும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சாதாரணச் சப்பாத்துக்கே இந்நிலை என்றால், இருவகைப் பூட்டுச் சப்பாத்துக்கும் இடையில் நாம் தேடும் வேகம் எங்கே?

3. "நெடுந்தூரம் ஓட்டினால் பாதம் வலிக்காது." இதில் உண்மை உண்டு. அகன்ற தகடும் விறைப்பான அடிப்பாகமும் அழுத்தத்தைப் பரப்புகின்றன. இறங்காமல் நூறு கிலோமீட்டர் ஓட்டுவோருக்கும் பந்தயத்தில் நுழைவோருக்கும் சாலைச் சப்பாத்தே தகும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நாற்பது கிலோமீட்டரில் மூன்று முறை நிற்கும் நமக்கு, ஓரளவு விறைப்பான மலைவண்டிச் சப்பாத்துப் போதும்.

4. "பார்த்தால் அழகாக இல்லை." மாவுக்கட்டும் அழகாக இல்லை, ஐயா!

இன்னொரு நன்மையும் உண்டு. மலைவண்டிப் பெடல்களில் பெரும்பாலானவை இருபுறமும் பூட்டும். சாலைப் பெடல் பொதுவாக ஒருபுறமே பூட்டும். விளக்கு பச்சையானதும், பின்னால் வாகனங்கள் ஒலியெழுப்ப, காலால் பெடலைத் திருப்பித் தேடும் தவிப்பு நமக்கு எதற்கு?

அப்பாக்களுக்கு ஒரு சொல். மலைவண்டிச் சப்பாத்தை வாங்கினாலும் உடனே சாலைக்குப் போகாதீர்கள். பெடலின் பிடிப்புத் திருகைத் தளர்த்தி, புல்தரையில் ஐம்பது முறையாவது பூட்டியும் குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பி விடுவித்தும் பழகுங்கள். பல திசைகளில் விடுபடும் தகடும் உண்டு. தொடக்கத்தில் அதனையே கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு? தட்டைப் பெடலும் பள்ளிக்கு அணியும் கறுப்புச் சப்பாத்துமே போதும். தடுமாறும் கணத்தில் கால் தானாகத் தரைக்கு வர வேண்டும். பூட்டைத் திருகி விடுவிக்கும் நினைவு அப்போது பிள்ளைக்கு வருமா? வளரும் பாதத்துக்கு விலையுயர்ந்த சப்பாத்து ஓராண்டுகூடத் தாங்காது. அந்தப் பணத்தில் நல்ல தலைக்கவசமும் பின்விளக்கும் வாங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலையளிப்பது வேறொன்று. "சப்பாத்து இல்லையென்றால் குழுவோடு வர முடியாது" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டான். அவன் அப்பா அவனோடு செலவிடும் ஒரே காலைப்பொழுது அது. ஒரு சோடிச் சப்பாத்தின் பெயரால் அது நின்றுபோக வேண்டுமா? பொருத்தம் என்பது பிறர் கண்ணுக்கன்று, நம் காலுக்கு.

அந்தத் தாயாரிடம் இறுதியாகச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: இந்த ஞாயிறு, இருக்கும் சப்பாத்தோடு இருவரையும் அனுப்பி வையுங்கள்.

சிந்திப்போம்.