மலைவழி நடையும் முதுகுச் சுமையும்

நடந்து செல்பவனை வண்டிக்குக் காசில்லாதவன் என்று கருதும் காலம் இது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்களை நீக்கிப் பார்த்தால், நெடுந்தூர நடையை ஒரு பயிற்சியாகக் கொண்டோர் எம்முள் மிகச் சிலரே. அண்மைவரை நாமும் அச் சிலருட் சேராதவரே.

கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ' நடைவழி, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்டது. துரைமார் காலத்தில் வெட்டப்பட்ட தோட்டப் பாதைகள் பல அதில் அடங்கும். கலஹாவிலிருந்து லூல்கந்துரைத் தோட்டத்துக்குச் செல்லும் பகுதியைப் பழைய மாணவராகிய நாம் நால்வர் நடந்து கடந்த நாளைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம்.

உடையும் உணவும் நீரும் அடங்கிய பை ஒவ்வொருவர் முதுகிலும் 12 கிலோ இருந்தது. முதல் ஒரு மணி நேரம் கல்லூரிக் கதைகள் பேசினோம். அடுத்த மணியிற் பேச்சு ஒழிந்தது. நண்பகலிற் பையின் வார் தோளை அறுத்தது. மழை பெய்தது, அட்டைகள் காலில் ஏறின. ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே முழங்காலை வருத்தும் என்னும் உண்மையையும் அன்றே அறிந்தோம். பிற்பகலில் எம்முள் ஒருவர், எதிர்ப்பட்ட தோட்டத்து இளைஞனிடம் தம் பையைக் கொடுத்துவிட்டார். அவனோ அதனைத் தலையில் ஏற்றிக்கொண்டு எமக்கு முன்னே விரைந்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இளைப்பாறினோம். கொழுந்துச் சுமையை இறக்கிய மூதாட்டி ஒருவர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, "இம்புட்டுச் சுமையத் தூக்கிட்டு நடக்கிறீங்களே, இதுக்கு யாரு ஐயா சம்பளம் குடுக்கிறா?" என்று வினவினார். எமக்கு விடை தோன்றவில்லை. முழு நாட்சம்பளம் பெற 18 கிலோ அளவிற் கொழுந்து பறித்தல் வேண்டும் என்பது பல தோட்டங்களின் வழக்கம். நாம் ஒரு நாள் விரும்பி ஏற்ற களைப்பு, அவருக்கு வாழ்நாள் முழுவதும் விதிக்கப்பட்ட களைப்பாகும்.

லூல்கந்துரையில் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரை யாவரும் அறிவர். 1892 இல் அவர் இறந்தபோது அவருடலைக் கண்டிவரை தோளிற் சுமந்து சென்றவர்கள் தோட்டத் தொழிலாளரே. அவர்தம் பெயர்களை அறிவார் யார்? அவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே மாண்டவர் பலர். அவ்வருகையின் இருநூறாண்டு நினைவாக, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்தனர். இவற்றை நாம் நூல்களிற் படித்ததுண்டு. ஆனால் தோள் நொந்த அன்றுதான் படித்தது பொருள்பட்டது.

ஆதலின் எமது கருத்து இது: கல்லூரியின் உயர்வகுப்பு மாணாக்கர் ஆண்டுக்கொரு முறையேனும் மூன்று நாள் மலைவழி நடத்தல் வேண்டும். சுற்றுலா என்னும் பெயரிற் பேருந்தின் சாளரத்தூடே மலையகத்தைப் பார்த்து மீள்வது போதாது. அவரவர் சுமையை அவரவரே சுமத்தல் வேண்டும். பைகளை ஏற்றிக்கொண்டு பின்னே வண்டி வருதல் கூடாது. இரவில் தோட்டப் பாடசாலை மாணவருடன் கூடியிருந்து அளவளாவுதல் வேண்டும்.

பரீட்சைக் காலம் வீணாகும் எனப் பெற்றார் அஞ்சலாம். மூன்று நாளிற் கெடும் கல்வி முன்னரே கெட்டதன்றோ! வழுக்கலும் மழையும் ஆபத்தாகாவோ எனின், வழியறிந்த ஒருவரை உடனழைத்து, மழை மிகுந்த மாதங்களை விலக்கினால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

களைத்தவனே களைத்தவனின் துன்பத்தை உணர்வான். ஆயினும் ஒருநாட் களைப்பைக் கொண்டு பிறர் துயர் முழுவதையும் அறிந்துவிட்டோம் என்று செருக்குதல் தகாது. அன்று மாலை பையைக் கொண்டுவந்து தந்த இளைஞன் கூலி வாங்க மறுத்துவிட்டான். அவன் இல்லத்திற் பருகிய தேநீருக்கும் நாம் கடன்பட்டோம். அக்கடனை எம் பின்னோராவது தீர்ப்பாராக.